அம்மாவின் ஈபிஎஃப் காசும் 200 மணிநேரச் சான்றிதழும்

கேள்வி:

அக்கா, எனக்கு 26 வயது. தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியை. மூன்று வருடமாக யூடியூப் பார்த்து யோகா செய்கிறேன். அதையே தொழிலாக எடுக்க ஆசை. சுற்றுலா ஊரான எல்லவில் ஹோட்டலில் வேலை செய்யும் தம்பி ஒரு விளம்பரம் அனுப்பினான். 21 நாளில் 200 மணிநேர 'ஹொலிஸ்டிக்' யோகா ஆசிரியர் பயிற்சி, சர்வதேசச் சான்றிதழ். ஆயுர்வேதம், ரெய்கி, சக்கர சிகிச்சை, கிண்ண ஒலி சிகிச்சை எல்லாம் அதற்குள்ளேயே வருமாம். உள்ளூர்க்காரருக்கு 1,500 டொலர். அம்மா போன வருடம் வேலையிலிருந்து நின்றார். ஈபிஎஃப் காசு வந்திருக்கிறது, எடுத்துக்கொள் என்கிறார். அப்பாவோ, "நம்ம ஊரு யோகாவ வெள்ளக்காரன்கிட்ட காசு குடுத்துப் படிக்கணுமா?" என்று கேட்கிறார். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அந்தச் சான்றிதழ் செல்லுமா? சேரலாமா? இன்னொன்று, அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. தரையில் உட்கார்ந்தால் எழும்ப முடியாது. அவருக்கு ஏதாவது செய்யலாமா?

பதில்:

தங்கச்சி, முதலில் காசைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

டொலர் 300 ரூபா என்று வைத்தால் 1,500 டொலர் என்பது 450,000 ரூபா. ஈபிஎஃப் எப்படிச் சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியும். மாதாமாதம் அம்மாவின் சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, தோட்டம் 12 வீதம் போட்டு, மழையும் அட்டைக்கடியுமாகச் சேர்ந்த காசு அது. அந்தக் காசை இந்தப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். கொஞ்ச நாள் கழித்து எடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. இந்தப் பயிற்சிக்கு வேண்டவே வேண்டாம்.

யோகா ஆசிரியை ஆக வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துவிடாதீர்கள். தாராளமாக ஆகலாம். நானும் நோர்வூட் பக்கத்து லயத்தில் பிறந்தவள்தான். என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர். பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. எந்த வழியாகப் போனால் வீட்டுக் காசு கரையாது என்பதுதான் இங்கே பேச்சு.

விளம்பரத்தில் 'சர்வதேசச் சான்றிதழ்' என்று போட்டிருப்பதைப் பார்ப்போம். 200 மணிநேரம் என்ற கணக்கு பெரும்பாலும் 'யோகா அலையன்ஸ்' என்ற அமைப்பின் அளவுகோல். அது அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய ஒரு தனியார் சங்கம். அரசாங்கமும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. ஒரு பயிற்சி நிலையம் தன் பாடத்திட்டத்தை அனுப்பி, கட்டணம் கட்டி அங்கே பதிந்துகொள்ளும். அங்கே படித்து முடித்தவர் வருடா வருடம் பணம் கட்டித் தன் பெயரையும் பதிந்துகொள்ளலாம். அந்தச் சங்கம் உங்களை உட்கார வைத்துத் தேர்வு எதுவும் எடுப்பதில்லை. உங்கள் கையில் வரும் சான்றிதழைக் கொடுப்பது பயிற்சி நிலையம்தான். ஆகவே அந்தத் தாளின் மதிப்பு அங்கே கற்பிக்கிறவரின் மதிப்பு எவ்வளவோ அவ்வளவுதான்.

செல்லுமா என்றால், செல்லும். வெளிநாட்டார் வரும் ஹோட்டல்களில் வேலைக்குப் போனால் "200 மணிநேரம் முடித்திருக்கிறீர்களா" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆனால் இலங்கையில் யோகா கற்பிக்க அது கட்டாயம் இல்லை. டாக்டர், தாதி மாதிரி அரச பதிவு எடுத்த பிறகுதான் வகுப்பு எடுக்கலாம் என்ற நிலை இங்கே கிடையாது. இதனால் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. உங்களைப் போன்ற பிள்ளை சின்னதாகத் தொடங்கலாம். யார் வேண்டுமானாலும் 'மாஸ்டர்' என்று பலகையும் மாட்டலாம்.

அந்த 200 மணிநேரத்துக்குள் என்ன இருக்கிறது? யோகா அலையன்ஸ் கணக்கில் ஆசனம், மூச்சு, தியானம் எல்லாம் சேர்ந்த பயிற்சிக்குக் குறைந்தது 75 மணிநேரம். உடற்கூறுக்கு 30. யோக வரலாறு, தத்துவம், ஒழுக்கம் ஆகியவற்றுக்கு 30. கற்பிக்கும் முறை, கற்பித்துப் பார்த்தல், தொழில் விஷயங்கள் என்று 50. மிச்சம் 15 மணிநேரத்தை நிலையம் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளலாம். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 21 நாளில் மூன்று நாள் ஓய்வு விட்டால் 18 நாள். நாளுக்கு 11 மணிநேரத்துக்கும் மேல் வருகிறது. அதற்குள்ளேயே ஆயுர்வேதம், ரெய்கி, சக்கரம், கிண்ணம் எல்லாம் என்கிறார்கள். பதினோரு மணிநேரம் யாருடைய மண்டையிலும் ஏறாது, தங்கச்சி. எட்டாவது நாளில் எல்லோரும் கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்கள். நானும் தூங்கியிருக்கிறேன்.

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு 31 வயதில் தமிழ்நாட்டில் ஒரு மாதப் பயிற்சி. எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. பதினாறாவது நாள், தோளில் நின்று காலை மேலே தூக்கும் சர்வாங்காசனத்தில் கால் நேராக இல்லை என்று உதவி ஆசிரியர் ஒருவர் வந்து, கேட்காமலே என் காலைப் பிடித்துத் தள்ளினார். கழுத்தில் 'சுருக்' என்றது. வாய் திறக்கவில்லை. ஆசிரியர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஊருக்குத் திரும்பி மூன்று மாதம் தலையைத் திருப்ப உடம்போடு சேர்த்துத்தான் திரும்பினேன். இன்றைக்கு வரைக்கும் கேட்காமல் ஒருவர் உடம்பில் கை வைக்க மாட்டேன். எந்த இடத்தில் சேர்ந்தாலும் முதல் நாளே "என்னைத் தொட்டுத் திருத்துவதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்கிற இடத்தில் இருக்க வேண்டாம்.

சரி, சான்றிதழோடு வந்து ஹட்டனில் ஒரு டியூஷன் மண்டபத்தில் முதல் வகுப்பு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழு பெண்கள், ஐந்து பேர் தோட்டத்து ஆட்கள். எனக்குச் சொல்லித் தந்தபடியே சூரிய நமஸ்காரம் பன்னிரண்டு சுற்று என்று தொடங்கினேன். மூன்றாவது சுற்றிலேயே ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விசாரித்தால், காலையில் குடித்தது ஒரு பிளேன்டி மட்டும். இரத்தச்சோகைக்குக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறவர். குனிந்து குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? என்னிடம் 200 மணிநேரச் சான்றிதழ் இருந்தது. "சாப்பிட்டீங்களா, மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா" என்று கேட்கிற பழக்கம் இருக்கவில்லை.

அதே வகுப்பில் இன்னொன்று நடந்தது. ஐம்பது வயது தாண்டிய ஒரு அக்கா, பாதஹஸ்தாசனம் செய்யச் சொன்னதும் முழங்கால் மடங்காமல் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் தரையில் பரப்பி வைத்துவிட்டார். எனக்கே அப்போது அவ்வளவு வராது. "அடடா, எவ்வளவு நல்லா வருது" என்று புகழ்ந்தேன். அவர் குனிந்தபடியே, "இதத்தான தங்கச்சி முப்பது வருசமா செய்றோம்" என்றார். மண்டபமே சிரித்தது. நான் மட்டும் அன்றிரவு தூங்கவில்லை.

அவர் சொன்னது முழு உண்மை. கொழுந்து எடுக்கிறவரின் உடம்பை நினைத்துப் பாருங்கள். சரிவில் நிற்கும்போது ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. இடுப்பு நாள் முழுக்க முன்னால் சாய்ந்தே இருக்கிறது. கூடைக் கயிறு தலையில் என்றால் பாரம் கழுத்தில் இறங்குகிறது. பை கட்டினால் தோளில். விரலும் மணிக்கட்டும் ஆயிரக்கணக்கான தடவை ஒரே அசைவு. அப்படிப்பட்டவரைக் கூட்டி வந்து இன்னும் குனியச் சொல்வதா யோகா? அவருக்கு வேண்டியது எதிர்ப்பக்கம். குப்புறப் படுத்து மகராசனம். கையை ஊன்றாமல் நெஞ்சை நாலு விரல் உயரத்துக்கு மட்டும் தூக்குகிற சின்னப் புஜங்காசனம். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம். காலைக் கதிரை மேலே போட்டுவிட்டுப் பத்து நிமிடம் கிடப்பது. மணிக்கட்டையும் விரலையும் சுழற்றுவது. மூச்சை இழுப்பதைவிட விடுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம். இவ்வளவுதான். படம் எடுத்துப் போட்டால் அழகாக இருக்காது. ஆனால் மறு வாரமும் அதே ஐந்து பேரும் வந்தார்கள்.

அதன் பிறகு என் வகுப்பு எல்லாமே மாறியது. குளிரில் உடம்பு இறுகிக் கிடக்கும், ஆகவே முதல் கால்மணி நேரம் மூட்டுகளைத் தளர்த்துவது மட்டும். சீமெந்துத் தரையில் வெறும் பாய் போதாது, கீழே ஒரு தடித்த போர்வையும் வேண்டும். பிரஷர் உள்ளவர், இதய நோய் உள்ளவர், கர்ப்பிணி, குடலிறக்கம் உள்ளவர், வலிப்பு உள்ளவர் யாருக்கும் மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி கிடையாது. தலைகீழ் ஆசனங்களைப் பொது வகுப்பிலிருந்தே எடுத்துவிட்டேன். பிரஷரும் கண் அழுத்தமும் இருப்பதே தெரியாமல் வருகிறவர்கள் நிறையப் பேர். ஓம் சொல்ல விரும்புகிறவர் சொல்லலாம், விரும்பாதவர் மூச்சைக் கவனித்தால் போதும். என் வகுப்பில் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள், முஸ்லிம் சகோதரிகளும் இருக்கிறார்கள், சிங்கள டீச்சர்மாரும் இருக்கிறார்கள். இதுவரை சண்டை வந்ததில்லை.

இந்தப் பாடம் எல்லாம் உங்கள் இஸ்தோப்பிலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற ஆட்களிடம் இருக்கிறது. எல்லவுக்கு 21 நாள் பயிற்சிக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் பயிற்சி செய்து பார்ப்பார்கள். எல்லோருக்கும் இளம் வயது, எல்லோருக்கும் உடம்பு வளையும். அங்கே கற்றது உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு உதவாது.

இப்போது அந்த 'ஹொலிஸ்டிக்' விஷயம். உடம்பு, மூச்சு, மனம், சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது என்றால் அதற்கு யோகாவுக்குள்ளேயே இடம் இருக்கிறது. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்று எட்டில் ஆசனம் ஒன்றுதான். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த எட்டையும் தமிழிலேயே வைத்திருக்கிறார். விளம்பரத்தில் சக்கரம் என்று வருவதை நம் ஆட்கள் ஆறாதாரம் என்பார்கள், உடம்புக்குள் தியானிக்கும் ஆறு இடங்கள். அதைத் தியானத்துக்கான ஒரு வரைபடமாகப் படியுங்கள், நல்லது. ஆனால் "உங்கள் மூன்றாவது சக்கரம் அடைபட்டிருக்கிறது, அதுதான் வயிற்று வலி" என்று ஒருவரிடம் சொல்லி அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டால், அந்தப் பாவம் யாரைச் சேரும்?

ரெய்கி என்பது கையை வைத்துக் குணப்படுத்துவதாகச் சொல்லும் முறை, 1922 வாக்கில் ஜப்பானில் மிக்காவோ உசுயி என்பவர் தொடங்கியது. யோகாவோடு அதற்குப் பரம்பரைத் தொடர்பு இல்லை. கிண்ண ஒலி காதுக்கு இனிமை, மல்லாந்து அசையாமல் கிடக்கும் சவாசனத்தில் சிலர் நன்றாக அமைதியாவார்கள், அவ்வளவுதான். கிண்ணம் வாங்க ஆசை என்றால் சம்பாதித்து வாங்குங்கள். ஆயுர்வேதம் வேறு கதை. அது இலங்கையில் சட்டத்தோடு உள்ள வைத்தியம். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் வகுப்பில் வாதம், பித்தம், கபம் என்று குறிப்பு எழுதிக்கொண்டு வந்து கஷாயம் சொல்லக் கூடாது. என்னிடம் கேட்டால், அந்தப் பட்டியலில் உள்ள நாலையும் வெட்டிவிட்டு அந்த நேரத்தில் இரத்த அழுத்தம் அளக்கவும் முதலுதவி செய்யவும் கற்றுத் தந்தால் அதுதான் முழுமையான பயிற்சி.

அப்பாவின் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. அவருக்கும் பிடிக்கும். உலகத்துக்கு யோகாவைக் கொண்டுபோன பெயர்களில் ஒன்று சுவாமி சிவானந்தர். 1887இல் திருநெல்வேலிச் சீமையில் பத்தமடையில் பிறந்தவர், இயற்பெயர் குப்புசாமி. 1913இல் மலாயாவுக்குப் போய் பத்து வருடம் டாக்டராக வேலை பார்த்தார். எங்கே தெரியுமா? முதலில் சிரம்பான் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில். நம்மைப் போல கடல் கடந்து போன தோட்டத் தொழிலாளிகளின் காய்ச்சலையும் புண்ணையும் பார்த்த கை அது. பிறகு ரிஷிகேசம் போய்த் துறவியானார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர்தான் 1969இல் மேல்நாட்டில் யோகா ஆசிரியர் பயிற்சி என்று முறையாகத் தொடங்கினார். வெள்ளைக்காரர் கையில் இன்றைக்கு இருக்கும் சான்றிதழின் வேரில் ஒரு தோட்ட டாக்டரும் இருக்கிறார் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். காசு விஷயத்தில் மட்டும் நான் அப்பா பக்கம்.

அப்படியானால் எந்த வழி? முதல் ஒரு வருடம் காசே தேவையில்லை. இந்தியாவில் பாரம்பரிய மருத்துவத்தைப் பார்க்கும் ஆயுஷ் அமைச்சு சர்வதேச யோகா தினத்துக்காக ஒரு பொதுப் பயிற்சி முறையை வெளியிட்டிருக்கிறது. ஏறக்குறைய 45 நிமிடம். கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் தளர்த்துவதில் தொடங்கி, தாடாசனம், விருட்சாசனம் என்று நின்று, பிறகு உட்கார்ந்து, குப்புற, மல்லாந்து, கடைசியில் நாடி சுத்தி, சீதளி, பிராமரி என்ற மூச்சுப் பயிற்சிகள், தியானம். எங்கள் குளிருக்குச் சீதளியை விட்டுவிடுங்கள், அது உடம்பைக் குளிர்விக்கிற மூச்சு. இதை இணையத்தில் இலவசமாக இறக்கி, வரிசை மாறாமல் நீங்களே ஆறு மாதம் செய்யுங்கள். யூடியூப்பில் நாளுக்கொரு ஆசிரியரைப் பார்ப்பதை நிறுத்துங்கள். மாதத்துக்கு இரண்டு தடவையாவது ஒரு நேரடி ஆசிரியரிடம் போய் உடம்பைக் காட்டுங்கள். கண்ணாடிக்கும் போனுக்கும் தெரியாத பிழை ஆளுக்குத் தெரியும். கண்டியில், நுவரெலியாவில், ஹட்டனில் விசாரித்தால் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு முன்பள்ளிப் பிள்ளைகளின் அம்மாமார் நாலைந்து பேரைச் சேருங்கள். முன்பள்ளிக் கட்டடம் ஞாயிறு சும்மாதானே கிடக்கும், தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். காசு வாங்காதீர்கள். ஒரு கொப்பி போடுங்கள். யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, எந்த ஆசனத்தில் எங்கே வலித்தது, அடுத்த வாரம் எப்படி இருந்தது என்று எழுதி வையுங்கள். நீங்கள் சின்னப் பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்கிற ஆள். குரலால் ஒரு கூட்டத்தைப் பிடித்து வைப்பது உங்களுக்கு ஏற்கெனவே வரும். அதைக் கற்றுக்கொள்ளத்தான் பலர் அவ்வளவு காசு கட்டுகிறார்கள்.

அந்தக் கொப்பி பாதி நிறைந்த பிறகு சான்றிதழை யோசிக்கலாம். இந்தியாவில் ஆயுஷ் அமைச்சின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் இருக்கிறது. அது எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைத்துத்தான் சான்றிதழ் தருகிறது. எனக்கு அதில் மரியாதை அதிகம். எங்கே படித்தாய் என்பதைவிட என்ன தெரியும் என்று பார்க்கிற முறை. கற்பிக்கிறவருக்கான முதல் படி 'யோகா புரொட்டோகோல் இன்ஸ்ட்ரக்டர்', அந்தப் பொதுப் பயிற்சி முறையை ஒட்டியது. நீங்கள் ஒரு வருடம் செய்ததே பாதிப் பாடமாக இருக்கும். தமிழ்நாட்டுக்குப் போய்ப் படிக்க முடிந்தால், சென்னையில் 1976இல் டி.கே.வி. தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைப் பற்றி விசாரியுங்கள். ஆசனத்துக்காக ஆளை வளைக்காமல், ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்றுகிற பரம்பரை அது. குறுகிய கால யோகாப் பயிற்சிக்கு இந்திய இ-டூரிஸ்ட் விசாவே போதும். ஏஎல் முடித்திருந்தால் பெரிதாகவே யோசிக்கலாம். இந்திய கலாசார உறவுகளுக்கான பேரவை மூலம் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தரும் ஆயுஷ் புலமைப்பரிசிலில் யோகாப் பட்டப்படிப்பும் உண்டு. கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தல்களைப் பார்த்து வாருங்கள். வயது எல்லையை மட்டும் விண்ணப்பத்துக்கு முன்னால் கவனியுங்கள்.

இலங்கையிலேயே ஒரு நிலையத்தில் சேர்வதென்றால், தொழிற்பயிற்சி நடத்தும் தனியார் நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். யோகா அலையன்ஸ் பெயரைச் சொன்னால் அவர்களுடைய இணையத்தளத்தில் நிலையத்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள், இருந்தால் வரும். பிறகு, முதன்மை ஆசிரியர் எத்தனை வருடமாகக் கற்பிக்கிறார், 21 நாளும் அவரே இருப்பாரா, உடற்கூறு எடுப்பது யார், நான் எத்தனை மணிநேரம் நிஜ ஆட்களுக்குக் கற்பித்துப் பார்ப்பேன், இடையில் நோய் வந்தால் காசு திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். "இன்று கட்டினால் கழிவு" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். இணையவழிப் பயிற்சியையும் யோகா அலையன்ஸ் கொரோனா காலத்திலிருந்து ஏற்கிறது. மலிவாக இருக்கும். ஆனால் மழைக்கு சிக்னல் போகிற நம் தோட்டங்களில், ஒரு ஆசிரியர் திரை வழியாக உங்கள் முழங்கால் கோணத்தைப் பார்ப்பார் என்று நான் நம்பவில்லை. தத்துவப் பாடத்துக்கு மட்டும் சரி.

இங்கிலீஷுக்குப் பயப்படாதீர்கள். வகுப்பில் நாம் திருப்பித் திருப்பிச் சொல்வது அறுபது எழுபது வசனம்தான். மூச்சை இழுங்க, விடுங்க, முழங்காலை மெதுவாக மடிங்க, வலித்தால் நிறுத்துங்க. அதைத் தம்பியை வைத்து இங்கிலீஷில் எழுதி மனப்பாடம் செய்யுங்கள். ஹோட்டல் வேலைக்கு அது போதும். சிங்களத்திலும் அதே வசனங்களைப் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது. ஹோட்டல் வகுப்பு சீசனோடு போய்விடும். வருடம் முழுக்க வருகிறவர்கள் டவுனில் இருக்கும் ஆசிரியைகள், பாங்க் ஆட்கள், ஓய்வு பெற்றவர்கள். முன்பள்ளி வேலையை இப்போதைக்கு விடாதீர்கள்.

அம்மாவுக்கு வருகிறேன். முதலில் கிளினிக்கில் முழங்காலைக் காட்டுங்கள். வீக்கம், சூடு, காய்ச்சல் இருந்தால், அல்லது மூட்டு இடையில் பூட்டிக்கொண்டால் பயிற்சி வேண்டாம், டாக்டர்தான். தேய்மானம் என்று சொன்னால் தொடங்கலாம். தரையில் உட்கார வைக்காதீர்கள். வஜ்ராசனம், பத்மாசனம், குந்துதல் மூன்றும் கிடையாது. கை பிடிக்கிற கதிரை ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் இழுத்து, தொடையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை வைக்கட்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. மெதுவாக இறக்கி அடுத்த கால். ஒவ்வொரு பக்கமும் எட்டுத் தடவை. பிறகு கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பி, மெதுவாக உட்காரட்டும். ஐந்து தடவை போதும். இரண்டு நாளில் வலி கூடினால் பாதியாகக் குறையுங்கள். கூடவில்லை என்றால் வாரத்துக்கு ஒன்று வீதம் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். படுக்கப் போகும்போது ஒரு தலையணையை முழங்காலுக்குக் கீழே வைத்து மல்லாந்து பத்து நிமிடம்.

என்ன செய்தார், எத்தனை தடவை, அடுத்த நாள் காலையில் எப்படி எழும்பினார் என்று கொப்பியின் முதல் பக்கத்தில் திகதி போட்டு எழுதுங்கள். ஆறு வாரம் கழித்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.